எங்கேயிருந்து அளந்தீங்க

கம்மல் குத்திக்கொண்டே இருந்தது. சட்டைப் பைக்குள் கிடந்த வாக்கில் அதன் திருகாணி துணியைத் தாண்டி நெஞ்சில் உறுத்த, எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டால் முடிந்தது காரியம், ஆனால் நாச்சிமுத்து போடவில்லை, உறுத்தட்டும் என்று விட்டுவிட்டார். நேற்றுச் சாயங்காலம் அவர் கத்திய கத்தலுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி. தேர்வு மையத்துக்குள் கம்மல் ஆகாது, வளையல் ஆகாது, கைக்கடிகாரம் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, வேப்பமரத்துக்கு அடியில் நின்று அவர் கையில் கொடுத்துவிட்டு, மூளிக்காதோடு உள்ளே போனாள் அவர் மனைவி கோகிலவாணி. காது ரெண்டும் பள்ளிக்கூடப் பிள்ளையின் காது மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் காதை இப்படிப் பார்த்ததே இல்லையே என்று தோன்றியதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. சுற்றிலும் பார்த்தார். மதில் ஓரம் முழுக்கப் புருசன்மார்கள். ஒருத்தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறான், ஒருத்தன் பெண்டாட்டியின் பூப்போட்ட கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறான், ஒருத்தன் பைக் மேலேயே படுத்துத் தூங்குகிறான், கொடுத்துவைத்தவன், நேற்று யாரையும் கத்தியிருக்க மாட்டான். நாச்சிமுத்துவின் மடியிலும் ஒரு கைப்பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், ரெண்டு இட்லி மிளகாய்ப்பொடி தடவியது, அவள் சாப்பிடாமல் திருப்பிக் கொடுத்தது. 'வயித்தப் பொரட்டுதுங்க, வந்து தின்னுக்கறேன்' என்றாள். பயம். கடைசி வாய்ப்பு. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் டீச்சர் எடுக்கிற பரீட்சை, அடுத்த தடவை வருவதற்குள் இவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும், இன்றைக்கு விட்டால் விட்டதுதான். அப்பேர்ப்பட்ட நாளுக்கு முந்தின சாயங்காலம் போய் யாராவது கத்துவானா? கத்தியது தப்புதான் என்று நாச்சிமுத்து மனசுக்குள் ஒப்புக்கொண்டார். கத்தினது தப்பு, ஆனால் சொன்னது தப்பில்லையே. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து மனுசன் உட்கார்ந்திருந்தார்.

சொன்னது தப்பில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது யார் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு முள் இருக்கத்தான் செய்தது, நினைப்பு அதைச் சுற்றிவந்து சுற்றிவந்து அதிலேயே மாட்டியது. அவள் எம்.எஸ்சி. இயற்பியல். இவர் மெக்கானிக்கல் எஞ்சினியர், பம்பு செட்டுக் கம்பெனியில் விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவில் மேலாளர், அதாவது மோட்டார் ஓடவில்லை என்றால் ஜனங்கள் திட்டுகிற போனை எடுக்கிறவர். செயற்கைக்கோளுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அவள்தான் ஒருநாள் அவரைக்காய் கிள்ளிக்கொண்டே, தானாகவே, யாரும் கேட்காமலே சொன்னாள், 'ஏனுங்க, செயற்கைக்கோள் மேல பறக்கறதில்லீங்க, விழுந்துட்டே இருக்குது.' இவர் சிரித்தார். அவள் ஒரு அவரைக்காயை எடுத்து மேசை ஓரத்திலிருந்து சுண்டினாள். பக்கத்திலேயே விழுந்தது. இன்னொன்றை ஓங்கிச் சுண்டினாள், கூடத்து நடுவில் போய் விழுந்தது. 'இன்னும் ஓங்கி விட்டா தெருவுல விழும், இன்னும் ஓங்கி விட்டா அந்தியூர்ல விழும். ரொம்ப ஓங்கி விட்டீங்கன்னு வெச்சுக்கங்க, அது கீழ எறங்கற அளவுக்குப் பூமியும் வளைஞ்சு கீழ போயிட்டே இருக்கும். விழுகும், ஆனா தரை தட்டாது. அவ்வளவுதாங்க செயற்கைக்கோள்.' சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, கல்யாணமான புதுசில் பார்த்தது, பிறகு எங்கே போனதென்று இவர் தேடாதது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து நாச்சிமுத்துவுக்கு ஆசை வந்துவிட்டது. நானும் கத்துக்கறேன் என்று உட்கார்ந்தார். ஒரு வாரம் ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டார். ஈர்ப்பு இழுக்கிற இழுப்பு இவ்வளவு, சுற்றுகிற வேகம் இவ்வளவு, வேகம் தெரிந்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்கலாம். ரெண்டாவது வாரம் ஐயா வாத்தியாராகிவிட்டார்! போனில் ரெண்டு வீடியோ பார்த்த தைரியம். சிவப்பு மையில் திருத்த ஆரம்பித்தார், அவள் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்று 'ம், அடுத்தது' என்றார். அவள் குக்கர் விசிலுக்கும் கணக்குக்கும் நடுவே எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். எப்படி நடந்தது இது? அவரைக்காயைச் சுண்டினவள் மாணவி, சிரித்தவன் வாத்தியார். இதையும் ஒருநாள் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் நேற்று வந்துவிட்டது. நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளின் வேகம் என்ன, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம். சூத்திரத்தில் கீழே தூரம் என்று ஒன்று இருக்கிறதே, அந்த இடத்தில் அவள் ஆறாயிரத்து எண்ணூறு என்று போட்டாள். இவர் பிடித்துக்கொண்டார். 'ஏது ஆறாயிரத்து எண்ணூறு?' 'பூமியோட ஆரத்தையும் கூட்டணுங்க.' 'கணக்குல குடுத்திருக்கறது நானூறு. குடுக்காததை நீயா எதுக்குக் கொண்டாந்து கூட்டறே? கண்ணு தெரியலையா உனக்கு?' அடித்துவிட்டு நானூறு போட்டார், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட எண்பது வினாடி என்று விடை வந்தது. அவள் அந்த விடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'ஒண்ணரை நிமிசத்துக்குள்ள உலகத்தைச் சுத்திருமுங்களா?' என்று மெதுவாகக் கேட்டாள். அதற்குத்தான் அந்தக் கத்தல். ராக்கெட்டில் போனது வேகமாகப் போகாமல் மாட்டு வண்டி மாதிரியா போகும், சொன்னால் கேட்க மாட்டாயா, இந்த லட்சணத்தில் நீ பரீட்சை எழுதிக் கிழிச்ச மாதிரிதான். கிழிச்ச மாதிரிதான் என்றா சொன்னோம்? சொன்னோம். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம்கூடக் கேட்டது. அவள் பேனாவை மூடினாள். 'சரிங்க' என்றாள். அதோடு விட்டாரா மனுசன், காலையில் கேட்டு வரைக்கும் வந்து, கம்மலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஜெயிச்சுட்டு வா என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல், 'ஆரத்தைக் கூட்டீராதே, மறந்துராதே' என்று சொல்லி அனுப்பினார். அப்போதும் 'சரிங்க' என்றாள். திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் விடுகிறதா சனியன் என்று எடுத்தார். பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி. 'சார், உங்க மோட்டாரு வெறும் ஏமாத்து மோட்டாருங். ஓடற சத்தம் கேக்குது, தொட்டிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது.' நாச்சிமுத்துவுக்கு இது பழகின பாட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் வரும். 'எத்தனை அடி ஏத்தணும்னு சொல்லி வாங்குனீங்க?' 'முப்பதடிங். மாடி மேல தொட்டி.' 'எங்கேயிருந்து அளந்தீங்க?' 'தரையிலிருந்துதானுங்.' 'தண்ணி தரையிலயா நிக்குது? கெணத்துக்குள்ள எத்தனை அடியில கெடக்குது?' 'அது கெடக்குமுங் ஒரு எம்பதடி.' நாச்சிமுத்து வழக்கம்போல ஒரு சிரிப்புச் சிரித்தார், பத்துப் பேரிடம் இதே சிரிப்பைச் சிரித்திருக்கிறார். 'உங்க தரையைப் பத்தி மோட்டாருக்கு என்னங்க தெரியும்? அது தண்ணி கெடக்கற எடத்திலிருந்து இல்ல தூக்கியாகணும்? மேல முப்பது, கீழ எம்பது, ரெண்டையும் கூட்டாம முப்பதுன்னு சொல்லி மோட்டார் வாங்கினா அது என்ன பண்ணும்? தரையிலிருந்து அளக்கப்படாதுங்க, எங்கேயிருந்து இழுக்கு…' என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதற்கு மேல் வாய் வராமல் நின்றுவிட்டார். 'ஹலோ, சார், ஹலோ' என்றது போன். சத்தம் தூரத்தில் எங்கேயோ கேட்டது. எங்கேயிருந்து இழுக்கிறதோ அங்கேயிருந்துதானே அளக்க வேண்டும். செயற்கைக்கோளை எது இழுக்கிறது? தரையா இழுக்கிறது? மொத்தப் பூமியும் இழுக்கிறது, நட்ட நடுவில் இருந்துகொண்டு இழுக்கிற மாதிரி இழுக்கிறது, செயற்கைக்கோளுக்கு நம்ம தரையைப் பற்றி என்ன தெரியும். கீழே ஆறாயிரத்து நானூறு, மேலே நானூறு. கூட்ட வேண்டும். அவள் கூட்டினாள். கூட்டியதை அடித்தவன் யார்? 'சார், மோட்டாரை மாத்தித் தருவீங்களா மாட்டீங்களா?' 'தர்றேங்க' என்றார் நாச்சிமுத்து, தரக்கூடாத மோட்டாரை. போனை வைத்தார். ஒண்ணரை நிமிசத்துக்குள்ள உலகத்தைச் சுத்திருமுங்களா. அட பாவி, அட பாவி மனுசா, நாற்பதாயிரம் கிலோமீட்டர் சுற்றளவு, அதை எண்பது வினாடியில் சுற்றினால் வினாடிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும், நீ போட்ட வேகமோ வினாடிக்கு முப்பது சொச்சம், உன் கணக்கு உன் கணக்கோடேயே ஒத்துவரவில்லை, இதைக் கூடப் பார்க்காமல் என்ன எஞ்சினியர் நீ? அவள் பார்த்தாள். பார்த்துத்தான் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தினது தப்பு, சொன்னது தப்பில்லை என்று காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாரே, அது கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

எழுந்தார். உட்கார்ந்தார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மடியிலிருந்த கைப்பை விழுந்து இட்லிப் பொட்டலம் உருண்டது, எடுத்து மண்ணைத் தட்டி உள்ளே வைத்தார், பிறகு எப்படியோ கேட்டருகில் போய் நின்றிருந்தார். பெண் போலீஸ் ஒருத்தி நிழல் தேடி மதிலோடு மதிலாக நின்றாள். 'அம்மிணி, உள்ள என்ற சம்சாரம் பரீட்சை எழுதறாங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்.' அவள் மேலும் கீழும் பார்த்தாள். 'என்ன வார்த்தை?' 'ஒரு கணக்கு. நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.' 'பிட்டு குடுக்கறதுக்கு என்கிட்டயே பர்மிசன் கேக்கறீங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்! போய் உக்காருங்க சார், வயசானவராத் தெரியறீங்க.' பக்கத்தில் நின்ற கைக்குழந்தைக்காரன் சிரித்தான். நாச்சிமுத்து திரும்பி நடந்தார். அவமானமாக இருந்தது, ஆனால் அந்த அவமானம் போதவில்லை, இன்னும் நாலு பேர் சிரித்தால் தேவலை போலிருந்தது. மரத்தடியில் குந்தி, சுள்ளி ஒன்றை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டார். ஆறாயிரத்து எண்ணூறு. வர்க்கமூலம். வினாடிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். நிமிசம் இல்லை, மணி. சரியாக வந்த விடையைப் பார்க்கப் பார்க்கத் துக்கம் பொங்கியது. இப்போது உள்ளே அவள் என்ன செய்துகொண்டிருப்பாள்? அந்தக் கணக்கு வந்திருக்குமா? வராமல் இருக்கட்டும் முருகா, எத்தனையோ கணக்கு இருக்கிறது உலகத்தில், கண்ணாடிக் கணக்கு இருக்கிறது, மின்சாரக் கணக்கு இருக்கிறது. வந்திருந்தால்? பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டலாமா வேண்டாமா என்று ஒரு நிமிசம் யோசிப்பாள், அவர் குரல் காதில் கேட்கும், கம்மல் இல்லாத அந்தக் காதில், கூட்டீராதே மறந்துராதே என்று, உடனே சரிங்க என்று நானூறைப் போட்டுவிடுவாள். அவள் சொன்ன சொல் தட்டாதவள். ஒரு மார்க்கில் போய்விடும் பரீட்சை இது, ஒரு மார்க்குக்குள் நூறு பேர் நிற்பார்கள். இத்தனை வருஷம் கழித்து அவளே ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்று. ஏன் இத்தனை வருஷம் கழித்து? நினைப்பு அந்தப் பக்கம் திரும்பியது, திரும்ப வேண்டாம் என்று பார்த்தும் திரும்பியது. சூலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்தாள். பையன் பிறந்து அடிக்கடி காய்ச்சல். வேலையை விட்டுவிடேன் என்று இவர்தான் சொன்னார். ஆனால் கத்தவில்லை அன்றைக்கு, பொறுமையாக உட்காரவைத்து எடுத்துச் சொன்னார், அவளும் யோசித்து, சரிங்க என்றாள். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறார், நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தமுங்க என்று. சொல்லிச் சொல்லி மெருகேறிப்போன வாக்கியம். ஆனால் அந்த நாளை நினைத்தால் மட்டும் ஒரு எவர்சில்வர் டம்ளர் உருளுகிற சத்தம் கூடவே வருகிறது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரில் இடித்து நிற்கிற சத்தம். பொறுமையாகப் பேசின இடத்தில் டம்ளர் எதற்கு உருள வேண்டும்? பையன் தள்ளிவிட்டிருப்பான். அவன் அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லையே. பூனையாக இருக்கும். பூனை எப்போது வளர்த்தோம்? வேண்டாம், இப்போது அது வேண்டாம், இப்போது ஆறாயிரத்து எண்ணூறுதான் முக்கியம் என்று மண்ணில் போட்ட கணக்கைக் காலால் அழித்தார், அழித்துவிட்டு மறுபடி போட்டார். சட்டைப் பைக்குள் அவள் கைக்கடிகாரம் அவர் நெஞ்சோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

மணி அடித்துக் கேட்டைத் திறந்ததும் பெண்கள் மொத்தமாக வந்தார்கள், எல்லாக் காதும் மூளிக்காது, எல்லா முகமும் வாடின முகம், இவருக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. கோகிலவாணி முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். 'தண்ணி குடுங்க.' பாட்டிலைக் கொடுத்தார். அவள் அண்ணாந்து குடிக்கிற வரைக்கும் பொறுக்கவில்லை. 'அந்தக் கணக்கு வந்துச்சா?' 'எதுங்க?' 'செயற்கைக்கோளு.' 'வந்துச்சுங்க. அதே நானூறு கிலோமீட்டர்.' 'வாணி, நான் தப்பாச் சொல்லிட்டேன். கூட்டணும். ஆரத்தைக் கூட்டணும், நீ சொன்னதுதான் சரி. என்னால உன்ற மார்க்குப் போச்சு. கத்த வேற கத்துனேன். நான் ஒரு…' என்று நடுத்தெருவில், அத்தனை புருசன்மார்களுக்கும் முன்னால் குரல் உடைந்து நின்றார். அவள் பாட்டிலை மூடினாள். 'கூட்டித்தாங்க போட்டேன்' என்றாள். 'நாலு விடை குடுத்திருந்தாங்க. உங்க எம்பது வினாடியும் அதுல ஒண்ணா இருந்துச்சு. கேள்வி எடுத்தவருக்கு உங்களை மாதிரி ஆளுகளை நல்லாத் தெரிஞ்சிருக்குதுங்க.' சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு வந்தது, அப்பாடா முருகா என்று தலையில் அடித்துக்கொண்டார். 'அப்பறம் ஏன் நேத்து சரின்னே? காலைலயும் சரின்னியே?' அவள் கம்மலை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள், தலை சாய்ந்திருந்தது. 'நீங்க கத்துனீங்க. சரின்னேன். கணக்கு எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?' கோபமே இல்லை குரலில். பால் பொங்கினால் அடுப்பை அணைப்பேன் என்கிற மாதிரி சொன்னாள்.

வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து மண் ஒட்டின இட்லியை அவள் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தாள், பசி. பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள், மார்க்குப் போகவில்லை, வேலை கிடைத்தாலும் கிடைக்கும், சந்தோசமாகத்தான் இருக்க வேண்டும் நாச்சிமுத்து. ஆனால் சாலை நெடுக அந்த ஒரு சொல் கூடவே வந்தது. சரிங்க. உங்கம்மா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போக வேண்டாம், சரிங்க. இந்த வீடே போதும், சரிங்க. குழம்பு நல்லா இல்லை, சரிங்க. எத்தனை சரிங்க, அதையெல்லாம் சம்மதம் என்று அடுக்கி அதன் மேலேயல்லவா உட்கார்ந்திருக்கிறோம், எதை எங்கேயிருந்து அளந்தோம். சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றது. கேட்காதே என்று மனசு சொன்னது. பஸ் ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றது, அந்தச் சத்தத்தில் கேட்டால் கேட்டது மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும் என்று, திரும்பாமலே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார். 'சூலூர் வேலையை விடச் சொன்னப்ப ஒரு சரி சொன்னியே, வாணி. அது?' பஸ் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. விழவில்லை, நல்லவேளை, விடு. பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் கையிலிருந்த மிளகாய்ப்பொடியைத் தட்டிவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

'கேட்டுச்சுங்க' என்றாள். 'அன்னைக்கும் கத்துனீங்க. டம்ளரைத் தூக்கி எறிஞ்சீங்க, கட்டிலுக்கடியில போயிருச்சு. நாந்தான் குனிஞ்சு எடுத்தேன்.'